பேசாதவனுக்கு ஏற்ற வேலை

ஓர் ஆளைப் பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்துப் பேசினால், அவர் கப்பல் வேலைக்குத் தேறுவாரா மாட்டாரா என்று என்னால் சொல்லிவிட முடியும். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர்களும் அதை நம்பினார்கள். அதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

தூத்துக்குடி பீச் ரோட்டில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குக் கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. சான்றிதழ்களைச் சரிபார்க்க வேறு ஆள் இருக்கிறார். உடம்பைச் சோதிக்க டாக்டர் இருக்கிறார். குணத்தைச் சோதிப்பது என் பொறுப்பு. கல்லூரியில் உளவியல் படித்தவள் என்பதால் அந்த மேசையை எனக்குக் கொடுத்தார்கள். நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். மேலே உள்ளவர் காரணமில்லாமல் திட்டினால் என்ன செய்வீர்கள்? மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பேச்சுத் துணை இல்லாவிட்டால் தாங்குவீர்களா? கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போன கேள்விகள். நான் பதில்களைவிட முகத்தைத்தான் பார்ப்பேன்.

ஒருமுறை திரேஸ்புரத்திலிருந்து ஒருவன் வந்தான். மீன்பிடிப் படகிலேயே வளர்ந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கரைக்கு வந்து சேர்ந்துவிடுவான். பத்து நிமிடத்தில் என்னையே மூன்று தடவை சிரிக்கவைத்துவிட்டான். நான் அவனை எடுக்கவில்லை. சாயங்காலம் கரையேறி நாலு பேரோடு வம்பளக்காவிட்டால் இவனுக்குச் சோறு இறங்காது, கடல் ஒத்துக்கொள்ளும், கப்பல் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவிட்டேன். அவன் வேறோர் அலுவலகத்தின் மூலமாகப் போனான். நாலாவது மாதமே திரும்பி வந்துவிட்டான். மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க எழுதுனது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் தம்பியைக் கப்பலுக்கு அனுப்பியவள் நான். எந்தத் திமிரில் அனுப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அவன் ஆறாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான். எனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட அடுத்த தெருவிலேயே வீடு பார்த்தோம். அவன் என் சொல்லைத் தட்டியதே கிடையாது. தட்டியிருக்கலாம்.

அப்பாவுக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை. உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து விற்கத் தொடங்கி, அப்படியே ஊன்றிக்கொண்ட கடை. கீழே கடை, மேலே வீடு. எங்கள் சொந்தக்காரர்களில் கடை இல்லாத குடும்பம் குறைவு. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானதும், பொங்கலுக்கு முந்தின நாள் கூட்டத்தில் அவனைக் கல்லாவில் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். கூட்டல் கழித்தலைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு வேண்டியது வாய். வந்த ஆளை நிறுத்திவைத்துப் பேசத் தெரிகிறதா, அரைக் கிலோ கேட்டவரிடம் "ஒரு கிலோவாப் போட்டுரட்டுமா அண்ணாச்சி" என்று கேட்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு அந்த வாய் தாராளமாக உண்டு. எனக்கும் அங்கிருந்து வந்ததுதான். பெண்ணாய்ப் பிறந்ததால் எனக்குக் கல்லா கிடைக்கவில்லை.

தம்பியை உட்காரவைத்த நாளில் அவன் வாயைத் திறக்கவேயில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தான், மீதிச் சில்லறை கொடுத்தான், அடுத்த ஆளைப் பார்த்தான். சுற்றி நின்ற சித்தப்பாக்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இவன் கடைக்கு ஆவ மாட்டான்" என்று அன்று சொன்னவர், பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டால், அப்புறம் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை.

தம்பி பி.காம். முடித்தான். வேலை ஒன்றும் தகையவில்லை. கடையில் தராசுக்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். அப்பா முன்னால் நின்று ஊர்க்கதை பேசுவார். ஏழெட்டுப் பேர் எப்போதும் நிற்பார்கள். தம்பி எழுந்து எதையாவது கட்டிக் கொடுப்பான், திரும்ப வந்து மூட்டை மேல் உட்காருவான். ஒரு சொல் பேச மாட்டான். ஆனால் முகத்தில் ஒரு குறையும் இருக்காது. தினமும் வேலை முடிந்து வரும்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.

வருடா வருடம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருந்து வேஷம் போடுவான். அம்மா இறந்த வருடம் அவனே நேர்ந்துகொண்டது. எங்கள் தெருப் பையன்கள் இருபது பேர் ஒரு செட்டாகச் சேர்ந்து காளி, ராஜா, குறத்தி, போலீஸ் என்று வேஷம் கட்டி, மேளத்தோடு வீடு வீடாகப் போய் அம்மனுக்குக் காணிக்கை வாங்குவார்கள். தம்பிக்கு எப்போதும் கரடி வேஷம்தான். கரடி பேச வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுப்பார்கள், செட்டில் இருப்பவர்கள் முதுகில் அடித்துவிட்டுப் போவார்கள், அவன் நடுவில் ஆடிக்கொண்டே நடப்பான். உளவியல் படித்த அக்காவான நான் அதைப் பார்த்து, இவன் தனக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற ஆள் என்று கண்டுபிடித்தேன். அந்தப் படிப்புக்கு அவ்வளவுதான் கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை சாத்தியிருந்த நேரம். அலுவலகப் படிவம் ஒன்று என் பையில் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இங்கன வந்து உக்காரு. கேக்குததுக்கு யோசிக்காமப் பதில் சொல்லு."

"எதுக்குக்கா?"

"சொல்லேன். பேச ஆளில்லாட்டா ஒனக்குக் கஷ்டமா இருக்குமா?"

"இல்லக்கா."

"நாள் முழுக்க ஒருத்தரும் ஒன்கிட்ட ஒரு வார்த்த பேசல. எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தான்.

"ஒம்பது மாசம் தனியா இருக்க முடியுமா?"

அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். மேலே மின்விசிறியைப் பார்த்தான். "இருந்துருவேன்னுதான் நெனைக்கேன்" என்றான். யோசிக்காமல் சொல் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவன் யோசித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. முடியும் என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

என் மேசைக்கு வந்தவர்களில் அவன் அளவுக்கு யாரும் தேறியதில்லை. கோபம் கிடையாது, குடி கிடையாது, வம்பு கிடையாது, பேச்சுத் துணை தேவையில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன்: "வாயில்ல வாயில்லன்னு எத்தன வருசமாப் பொலம்புதீங்க. வாயே வேண்டாத வேல ஒண்ணு இருக்கு."

அப்பாவுக்கு முகம் விரிந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் யாரும் கப்பலுக்குப் போனதில்லை. தம்பியை அவர் கேட்கவேயில்லை. நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவன் சொன்னான்: "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."

முதலில் ஆறு மாதப் பயிற்சி. ஒரே கூடத்தில் நாற்பது கட்டில். அங்கே நன்றாகவே இருந்தான், உடம்புகூடக் கொஞ்சம் போட்டிருந்தான். என் கணிப்பு பலித்துவிட்டது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிறகு கப்பல் கிடைத்தது. நிலக்கரியும் தானியமும் ஏற்றும் பெரிய கப்பல். இருபத்திரண்டு பேர், நாலைந்து தேசம், தமிழ் பேச ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு அறை. புதிதாக வருகிறவர்களிடம் நான் ஆசை காட்டிச் சொல்லும் விஷயம் அது: எல்லாருக்கும் தனி ரூம், கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

கப்பலில் இண்டர்நெட் கிடைக்கும்போது கூப்பிடுவான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். நல்லா இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. வீட்டிலும் அவன் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. கடைக்குக் கூப்பிடுவான். "அப்பா, ஆள் இருக்காங்களா?" என்று கேட்பான். இருக்கிறார்கள் என்றால், "போனத் தராசு பக்கத்துல வச்சிருங்க. நீங்க யாவாரத்தப் பாருங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பான். அப்பா கொஞ்ச நேரம் வைப்பார். பிறகு மறந்துபோய் மேலே எதையாவது வைத்துவிடுவார், இல்லை யாராவது கூப்பிடுகிறார்கள் என்று அணைத்துவிடுவார். இவனுக்கு என்ன பைத்தியமா என்று என்னிடம் கேட்டார். நான் தம்பியைக் கண்டித்தேன். "ஏலே, கப்பல்ல நெட்டு எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொடுக்காங்க. அதப் போய்ப் பருப்பு நிறுக்குற சத்தம் கேக்கச் செலவழிக்குத. பேசுனாப் பேசு, இல்லாட்டா வச்சிரு."

"சரிக்கா" என்றான். அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடவில்லை.

இத்தனை பேரின் முகத்தைப் படித்தவளுக்கு, கடல் நடுவே ஓர் அறைக்குள்ளிருந்து தம்பி எதைக் கேட்கிறான் என்று விளங்கவில்லை.

முதல் ஒப்பந்தம் முடிந்தபோது கேப்டன் எழுதிய அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அமைதியானவர், புகார் சொல்லாதவர், மீண்டும் எடுக்கலாம். அதை நான் நகலெடுத்து அப்பாவிடம் காட்டினேன். தம்பி இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். பெரும்பாலும் தூங்கினான். அலுப்பு என்றோம். கடைக்கு இறங்கி வந்து மூட்டை மேல் உட்கார்ந்தான், ஆனால் சீக்கிரம் எழுந்து மேலே போய்விட்டான். அதையும் அலுப்பு என்றோம். இரண்டாவது கப்பலுக்கு நானே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

அவன் அந்தக் கப்பலில் இருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். பெண்ணாய்ப் பிறந்தவளுக்குக் கடைசியில் கல்லா கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. முதல் நாள் காலையில் ஒரு நர்ஸம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெரியாஸ்பத்திரியில் வேலை. இரவு டூட்டி முடிந்து வந்திருந்தார். நான் என் வாயைக் காட்டினேன். "என்னக்கா, ராத்திரி ரொம்பக் கூட்டமா? கண்ணெல்லாம் செவந்திருக்கே?"

அவர் பதில் சொல்லாமல் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கி நின்றார்.

"ஒங்க தம்பி எப்பம்மா வருவான்?"

"அவனுக்கென்னக்கா, கப்பல்ல ராஜா மாதிரி இருக்கான்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சொல்லத் தொடங்கினார். "டூட்டி முடிஞ்சு நான் நேரா இங்கனதான் வருவேன். வீட்டுக்குப் போனா, நேத்து யாருக்கு என்ன, எத்தன பேரு போய்ட்டாங்கன்னு கேப்பாங்க. வழில பாக்குதவங்களும் அதத்தான் கேப்பாங்க. ஒங்க தம்பி கேக்கவே மாட்டான். என்னப் பாத்ததும் பாலும் பன்னும் எடுத்து வச்சிட்டு, ஸ்டூல எடுத்துப் போடுவான். அவன் பாட்டுக்கு அங்கன இருப்பான். நான் பாட்டுக்கு இங்கன இருப்பேன். அஞ்சு நிமிசம் கழிச்சு எந்திரிச்சுப் போவேன். பால் எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே கெடைக்கும்மா. நான் அதுக்கா இவ்வளவு தூரம் வாரேன்?"

அந்த வாரம் முழுக்க நான் கவனித்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவதொரு சாக்கில் அவனை விசாரித்தார்கள். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது, தம்பி விரலைக் காட்டி விலை சொல்வானாம். ஒரு பெண்ணுக்குத் திக்குவாய், வாயைத் திறக்கும் முன்பே அவளுக்கு வேண்டியதை எடுத்து வைப்பானாம். அத்தனை வருடமும் அப்பா முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார், கூட்டம் தன் பேச்சுக்கு வருகிறது என்று நினைத்தார். நாங்களும் நினைத்தோம். வாய்தான் கடையை நடத்துகிறது என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த மூட்டை மேல் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்ததும் ஒரு வேலை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பேசாமல் இருக்கிறவன் வேறு, தனியாக இருக்க விரும்புகிறவன் வேறு. இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு. தம்பிக்கு நாலு பேர் சுற்றி இருக்க வேண்டும், அவர்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டும், தன்னை ஒன்றும் கேட்காமல் தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவனுக்குப் பேச்சே வேண்டாம். உலகத்தில் அவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த வேலை ஒன்று இருந்தது. அதிலிருந்து நான் அவனை எழுப்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியிலேயே அவனுக்கு எழுதினேன். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு, இனி கப்பல் வேண்டாம், கடையை நீ பார், அப்பாவிடம் பேசிவிட்டேன் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: சரிக்கா.

புரட்டாசி மாதத்தில் வந்தான். அப்பா மூட்டையை எடுத்துவிட்டு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். பத்து வருடம் வாயில்லை என்று ஏசிய மனிதர், "நீ ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. சும்மா இங்கன இரு, போதும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். தம்பி உட்கார்ந்தான். நாலு பேர் சேர்ந்தாற்போல வந்து நின்றதும் எழுந்து பின்பக்கம் சரக்கறைக்குப் போனான். மூட்டைகளை அடுக்கினான். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைப் பிரித்துத் திரும்ப அடுக்கினான். கூட்டம் கலைந்த பிறகு வந்தான். மறுநாளும் அப்படித்தான். காலையில் நர்ஸம்மா வந்து தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவன் பாலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவன் வரவேயில்லை. அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

மேலே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டான். கப்பல் வழக்கப்படி பதினொன்றரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தடவை. தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போவான். என் மகள் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினால், திறந்து, தலையைத் தடவிவிட்டு, திரும்பச் சாத்திக்கொள்வான். கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

தசரா வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. செட்டுப் பையன்கள் கரடி உடுப்பை இரண்டு வருடமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். தம்பியும் விரதம் இருந்தான். அம்மன் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டு, எல்லாருமாகக் குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பி, பக்கத்து ஊர் ஒன்றில் காணிக்கை வாங்க இறங்கினார்கள். நல்ல வெயில். நானும் கூடவே போனேன். மேளம் அடித்ததும் அவன் ஆடினான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவே எழுந்து வந்து அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் தெரு தாண்டவில்லை. ஒரு சின்னப் பெண் வாலைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து காளி வேஷக்காரன் பழைய மாதிரி முதுகில் ஓங்கித் தட்டினான். கரடி அப்படியே நின்றது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தது. நான் ஓடிப்போய்த் தலையைக் கழற்றினேன். வேர்வையில் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ரொம்ப ஆளா இருக்குக்கா" என்றான்.

மேளம் அடுத்த தெருவுக்குப் போனது. நாங்கள் இருவரும் அந்தப் படியிலேயே இருந்தோம். அந்த வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் கேட்டுவிட்டேன்.

"நான் அன்னைக்கு அவ்வளவு கேட்டேனேலே. தனியா இருக்க முடியுமான்னு கேட்டேனே. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பேனா?"

அவன் என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல யோசித்தான்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? அதுவரைக்கும் நான் தனியா இருந்ததே இல்லையே."

அவனே மேலே பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"முத கப்பல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கதவத் தொறந்து வச்சுக்கிட்டுப் படுப்பேன், யாராது நடந்து போற சத்தம் கேக்குமான்னு. அப்பறம் பழகிட்டு. இப்ப அங்கன ஒண்ணும் தெரியல. இங்கனதான் முடியல. நீங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க. எனக்குத்தான் மூச்சு முட்டுது." குடித்த சொம்பைப் படியில் வைத்துவிட்டு, "என்னத் திரும்ப அனுப்பிரு" என்றான்.

நான் மூன்று மாதம் அனுப்பவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார், பொறுமையாக இருங்கள் என்றார். தம்பி எல்லாவற்றுக்கும் வந்தான், எல்லாவற்றையும் விழுங்கினான். ஒருநாள் எனக்குத் தெரியாமல் எங்கள் அலுவலகத்துக்கே போய்க் கப்பல் கேட்டுவிட்டான். எங்கள் மேலாளர், கப்பலில் சீஃப் ஆஃபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"ஒங்க தம்பி மாதிரி ஆளு கெடைக்கிறது கஷ்டம்மா. யாருட்டயும் போக்குவரத்து இல்ல, வீட்டு நெனப்பு இல்ல. எத்தன மாசம் வேணும்னாலும் நீட்டிக்குங்க சார்னு அவனே சொல்லுதான். கப்பலுக்குன்னே பொறந்தவன்."

பிறக்கவில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சாயங்காலம் அவனை ரயில் ஏற்றப் போனேன். சென்னை போய், அங்கிருந்து விமானத்தில் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். அப்பா வரவில்லை. கடையைச் சாத்த முடியாது என்றார், ஆனால் கடை அன்று சாத்தித்தான் கிடந்தது. பிளாட்பாரத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். சட்டையைச் சுருட்டி வைக்காதே, மாத்திரையை விடாதே, போன் பண்ணு, கடைக்குப் பண்ணு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போனைத் தராசு பக்கத்தில் வைத்திருக்கச் சொல்கிறேன் என்று. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஜன்னல் ஓரம் இடம். எதிரே இன்னும் யாரும் வரவில்லை.

"நீ போக்கா" என்றான். "எடுக்குற வரைக்கும் நிக்க வேண்டாம். பிள்ள தேடும்."

என் மேல் உள்ள அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பி வழியாக அவன் கையைப் பிடித்தேன். பிடித்த கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எப்போது விடுவேன் என்று காத்திருந்தான். அது எனக்குத் தெரிந்தது. விட்டுவிட்டு நடந்தேன். பத்தடி போயிருப்பேன், மனசு கேட்காமல் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, நீளமாக மூச்சு விட்டான். அவன் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை. ரயில் கிளம்பும்வரை அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நின்றேன், என்னை அவன் பார்த்துவிடக் கூடாது என்று.